எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு பிற்பகல்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைச் சென்னையில் எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டால், என் பதில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம்தான். சிலைகளும் செப்புத் திருமேனிகளும் பார்க்கத்தான் பலரும் போவார்கள். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, ஒரு பிற்பகல் முழுவதையும் விலங்கியல், நிலவியல் கூடங்களுக்குக் கொடுங்கள். நாங்கள் இந்த முறை அப்படித்தான் செய்தோம்.

போய்ச்சேருவது இப்போது சுலபம். செயலியில் பதிவு செய்த வண்டி வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் ரத்தானது. சரி என்று மெட்ரோவில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். அருங்காட்சியகம் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை, வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்தியர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு, கேமராவுக்குத் தனி. சீட்டு கொடுத்த அம்மா பொறுமையாக விளக்கி, எந்தக் கட்டடத்தில் எது இருக்கிறது என்று கையைக் காட்டி வழியும் சொன்னார்.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்றதும் என் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கே அண்ணாந்து பார்த்தால் இன்னும் அதே மலைப்புதான். கூடத்துப் பணியாளர் ஒருவர் எங்களைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார். "பாப்பா, அந்தத் துடுப்பைப் பாரு. உன் கை மாதிரியே விரல் எலும்பு இருக்கு பார்" என்றார். அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். தரையில் நடந்த விலங்கின் வழிவந்ததுதான் திமிங்கிலம் என்பதற்கு அந்த விரல்களைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அடுத்து யானையின் எலும்புக்கூட்டுக்குக் கூட்டிப்போய், மண்டையோட்டின் நடுவில் இருக்கும் பெரிய ஓட்டையைக் காட்டி, "இது என்ன சொல்லு?" என்றார். கண் என்றாள் இவள். "இல்லம்மா, மூக்கு. தும்பிக்கை அங்கேதான் ஆரம்பிக்கும். அதுல எலும்பே கிடையாது." அவர் யாரிடமும் எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. அடுத்து வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அதே உற்சாகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார். டொராண்டோவில் தொடுதிரையைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பழகியவள், அன்று ஒரு மனிதரிடம் கேள்வி கேட்டுத் தமிழிலேயே பதில் வாங்கினாள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

இந்த இடத்தின் கதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கி, 1854இல் எழும்பூருக்கு வந்தது. பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். ஜனங்களை வரவழைக்க உயிரோடு ஒரு புலியையும் சிறுத்தையையும் வளாகத்தில் வைத்தார். அதுவே உயிரியல் பூங்காவாக வளர்ந்து, பூங்கா நகர் போய், இன்று வண்டலூரில் இருக்கிறது. என் அம்மாவுக்கு அருங்காட்சியகம் இன்னும் "செத்த காலேஜ்", உயிரியல் பூங்கா "உயிர் காலேஜ்"தான்.

நிலவியல் பக்கம் கூட்டம் குறைவு. எனக்கோ அங்கேதான் மனம் நின்றது. பல்லாவரத்துக் கருங்கல்லை நாம் வாசல்படியாகவும் ஜல்லியாகவும் பார்த்திருக்கிறோம். உலகம் முழுக்க நிலவியல் படிப்பவர்கள் அதைச் சார்னோகைட் என்று அறிவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறை இந்த வகைக் கல்லால் ஆனது. அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சுருள் சுருளாகக் கிடைக்கும் அம்மோனைட்டுகளும், அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிர்களின் ஓடுகளும், அப்படி உலகம் அறிந்தவைதான். டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது என்றதும், "நம்ம தாத்தா ஊரிலா?" என்று மகள் கேட்டாள். எங்கள் தாத்தா வீடு பெரம்பலூர்ப் பக்கம். அங்கே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சேற்றில் புதைந்து கல்லான மரம். சின்ன வயதில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், யாரும் நிறுத்திச் சொன்னதில்லை.

பிற்பகலில் போனால் எல்லாக் கட்டடத்தையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். இரண்டு கூடம் போதும், நடுவில் மரநிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பணியாளர்களிடம் தமிழில் பேச்சுக் கொடுங்கள். பிள்ளைகளையே கேட்க விடுங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் திருவக்கரையையும் சேர்த்துக்கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, அங்குள்ள கல்மரங்களுக்கு ஏறத்தாழ 2 கோடி வயது. திறந்தவெளி என்பதால் வெயில் ஏறும் முன்பே கிளம்பிவிடுங்கள், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.