ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார்: இன்சுலின் போட்டும் காலைச் சுகர் இறங்காதவர்கள் வாங்கலாமா?

அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு போகலாம். இன்சுலின் போட்டும் காலை வெறும்வயிற்றுச் சுகர் 180, 200 என்றே நிற்கிறது, காரணம் பிடிபடவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, கையில் ஒட்டிக்கொண்டால் இரவு பகலாகச் சுகரை அளந்து வைக்கும் இந்த லிப்ரே சென்சார் ஒன்று வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள், கொடுத்த காசு வீண் போகாது. வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிவதற்கு என்றால் நம்மில் பெரும்பாலோர் பர்ஸ் தாங்காது, என்னைப் போன்ற டைப் 2 ஆட்கள் பலருக்கு அது தேவையும் இல்லை.

இனி விவரம். எனக்கு மாத்திரையில் ஆரம்பித்து இப்போது சில வருடமாக இன்சுலின். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் 30/70 மிக்ஸ், அதாவது வேகமான இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் கலந்தது. மதியம் பார்த்தால் 120, 130 என்று சமர்த்தாக இருக்கும். விடிந்து எழுந்து விரலைக் குத்தினால் 190, 210. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவனுக்கு நடு ராத்திரியில் யார் வந்து சர்க்கரை ஊட்டினார்கள் என்று தோன்றுமா தோன்றாதா? சுகர்காரன் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். ஒருத்தர் வெந்தயம் ஊறவை என்றார், ஒருத்தர் ராத்திரி டோஸைக் கூட்டு என்றார், இன்னொருத்தர் தூக்கத்தில் உனக்கு லோ ஆகிறது (சுகர் அளவுக்கு மீறி இறங்குகிறது), அதனால்தான் உடம்பு பயந்துபோய்க் காலையில் ஏற்றிவிடுகிறது, டோஸைக் குறை என்றார்.

சிக்கலே இதில்தான். காலையில் தெரியும் 200 என்ற எண் ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணம் பல, ஒரு காரணத்துக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், இன்னொன்றுக்குக் குறைக்க வேண்டும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மேல் உடம்பில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடும், கல்லீரல் கையிருப்பில் இருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் விடும். சுகர் இல்லாதவருக்கும் இது நடக்கிறது, அவருடைய கணையம் கூடுதலாகக் கொஞ்சம் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும், நமக்கு அந்த வசதி இல்லை. இது ஒன்று. ராத்திரி எட்டரைக்குப் போட்ட மிக்ஸ் இன்சுலின் நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போய், தேவைப்படுகிற விடியல் நேரத்தில் வேகம் குறைந்துவிடுவது இரண்டாவது. ராத்திரிச் சாப்பாட்டின் சுகர் இறங்காமல் அப்படியே காலை வரை நிற்பது மூன்றாவது. டோஸைக் குறை என்றவர் சொன்ன அந்த லோ ஆகி ஏறும் கதை மைக்கேல் சொமோகி என்ற உயிர்வேதியியலாளர் 1930களில் சொன்னது. பிற்பாடு சென்சார் வைத்துப் பார்த்ததில், ராத்திரி லோ ஆனவர்களுக்குக் காலையிலும் பெரும்பாலும் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் அந்தக் கதைக்கு இன்னும் நல்ல மவுசு.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி, அலாரம் வைத்து ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விரலைக் குத்துவது. மோசமான வழி இல்லை, மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் செலவோடு போகும். வசதி குறைவு என்றால் முதலில் இதையே செய்யுங்கள்: படுக்கும்போது, மூன்று மணிக்கு, எழுந்ததும் என்று சில ராத்திரி பார்த்து எழுதினால் பாதிக் கதை வெளியே வந்துவிடும். மூன்று மணிக்கே 200 என்றால் சாப்பாட்டையும் மருந்து அளவையும் பார்க்க வேண்டும், மூன்று மணிக்கு 120 இருந்து ஆறு மணிக்கு 200 என்றால் விடியல் ஏற்றம். மீதிப் பாதிக்குத்தான் லிப்ரே.

பொருளைப் பற்றி. நான் வாங்கியது அபாட் கம்பெனியின் முதல் தலைமுறை லிப்ரே. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டு, மேல்கையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். பெட்டியோடு வரும் அப்ளிகேட்டரைக் கையில் வைத்து அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊசி உள்ளே போய்த் தானே வெளியே வந்துவிடும், தோலுக்கு அடியில் தங்குவது முடி மாதிரி ஐந்து மில்லிமீட்டர் இழை மட்டும். சத்தத்துக்குத்தான் துள்ளினேன், வலி என்று பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஃபோனை அதன்மேல் காட்டினால் எண் வந்துவிடும், எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறியும் கூடவே. சட்டைக்கு மேலாகவே காட்டலாம். 14 நாள் உழைக்கும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓடாது.

வாங்கும் முன் உங்கள் ஃபோனில் என்எஃப்சி (பக்கத்தில் காட்டினாலே தகவலைப் படிக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் அது கிடையாது, அப்படியானால் தனியாக ரீடர் கருவி வாங்க வேண்டிவரும்.

கால் மணிக்கு ஒருமுறை அதுவே அளந்து வைத்துக்கொள்கிறது, ஆனால் உள்ளே எட்டு மணி நேரக் கணக்குதான் தங்கும். அதனால் படுக்கும்போது ஒருமுறை, எழுந்த உடனே ஒருமுறை கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினால் ஃபோன் ஆப் கோடாக வரைந்து காட்டும் சுகர் படத்தில் ராத்திரியின் ஆரம்பம் விட்டுப்போகும். இன்னொன்று முக்கியம்: இந்த மாடலில் அலாரம் இல்லை. தூக்கத்தில் சுகர் 50க்குப் போனாலும் எழுப்பாது. அடிக்கடி லோ ஆகிறவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள், லோ ஆவதே தெரியாதவர்கள் அலாரம் உள்ள மாடல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், இதை நம்பித் தூங்க வேண்டாம்.

சரி, எனக்கு என்ன காட்டியது? இரண்டு விதமான ராத்திரிகள். எட்டு மணிக்கு முன்னால் இரண்டு இட்லி, சட்னியோடு முடித்துக்கொண்ட நாட்களில் கோடு பத்து மணிக்கு 160 தொட்டு, மெதுவாக இறங்கி, ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை 115, 120 என்று தரையோடு தரையாக ஓடியது. மூன்றரைக்கு மேல் லேசாகத் தலைதூக்கி, ஐந்து மணிக்கு 150, ஆறரைக்கு 185. டாக்டர் இந்த இடத்தை விரலால் தடவிக் காட்டி, ‘பாத்தீங்களா, மருந்து தீர்ற நேரமும் விடியற நேரமும் ஒண்ணா வருது’ என்றார். இரண்டாவது விதம் பரோட்டா ராத்திரி. இரண்டு பரோட்டா, சால்னா, கூடவே ஒரு ஆம்லெட். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 150தான், பரவாயில்லையே என்று படுத்தாயிற்று. எண்ணெய் செரிமானத்தை இழுத்தடித்து, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் கோடு ஏறத் தொடங்கியிருக்கிறது, இரண்டு மணிக்கு 240, அங்கேயே குந்திக்கொண்டு காலை ஆறுக்கு 215. ஸ்ட்ரிப்பில் பார்த்தால் இரண்டு ராத்திரிக்கும் காலையில் ஏறக்குறைய ஒரே மாதிரி எண்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதை அந்தக் காலை எண்ணை மட்டும் வைத்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

அப்புறம் இன்னொரு விஷயம், நான் எதிர்பார்க்காதது. எழுந்ததற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகிறது. ஐந்தரைக்கு எழுந்து, ஒன்றும் சாப்பிடாமல், ஊசியும் போடாமல், எட்டு மணிக்கு லேப் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தால் இன்னும் இருபது, முப்பது கூடிவிடுகிறது. லேப் ஃபாஸ்டிங் ரிப்போர்ட் வீட்டு மீட்டரைவிட அதிகமாக இருப்பது ஏன் என்று இத்தனை காலம் சண்டை போட்டவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் சர்க்கரை போடாத ஃபில்டர் காபி ஒன்று குடித்துவிட்டால், பாலில் இருக்கும் சர்க்கரையும் அதன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றும்.

குறைகள். இது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே இருக்கும் நீரை. அதனால் ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கித்தான் வரும். சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரும் இதுவும் ஒத்துப்போகாது, அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கை நடுக்கம், வியர்வை என்று லோ அறிகுறி இருந்து சென்சார் 110 காட்டினால் விரலைக் குத்திப் பாருங்கள். ஒட்டிய முதல் நாள் கணக்கை அவ்வளவாக நம்பக் கூடாது. சென்சார் இருக்கும் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தில் 55, 60 என்று பொய்யாக ஒரு பள்ளம் விழும், எந்த கம்பெனி சென்சாருக்கும் உள்ள பிரச்சினை இது. எனக்கும் ஒரு ராத்திரி அப்படி விழுந்தது, புரண்டு படுத்ததும் கோடு மேலே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு ராத்திரி டோஸைக் குறைத்தால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். வைட்டமின் சி மாத்திரை அதிகமாக எடுப்பவர்களுக்கு எண் கூடுதலாகக் காட்டலாம். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன், எக்ஸ்ரே எடுக்கும் முன் கழற்ற வேண்டும், கழற்றினால் திரும்ப ஒட்ட முடியாது, காசு போச்சு.

நம் ஊர் வெயிலுக்கு ஓரம் லேசாக எழும்பும், மைக்ரோபோர் டேப்பைச் சுற்றி ஒட்டலாம், நடுவில் இருக்கும் சின்ன ஓட்டையை மட்டும் மூடாதீர்கள். குளிக்கலாம். எண்ணெய்க் குளியலை ஒட்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டாது.

விலை நான் வாங்கியபோது ஐயாயிரத்துக்குச் சற்றுக் கீழே. மாதத்துக்கு இரண்டு என்று கணக்குப் போட்டால் பத்தாயிரத்தை நெருங்கிவிடும். மருந்துக் கடைகளில் இதற்கும் விலை வித்தியாசம் இருக்கிறது, இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஒரு கடையில் எனக்கு அடுத்த மாதம் காலாவதியாகிற பெட்டியை முழு விலைக்கு நீட்டினார்கள், கேட்டதும்தான் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்கள்.

பலன்? படத்தைப் பார்த்து டாக்டர் ராத்திரி மிக்ஸை நிறுத்தி, சாப்பாட்டுக்கு முன் வேகமான இன்சுலின் ஒன்றும், படுக்கும்போது நாள் முழுக்க வேலை செய்யும் கிளார்ஜின் ஒன்றுமாகப் பிரித்தார். ஊசி ஒன்று கூடிவிட்டது, அது ஒரு எரிச்சல்தான். வயிற்றை அழுத்திப் பார்த்து, தொப்புளுக்கு வலப்பக்கம் தோலுக்கடியில் ரப்பர் போல ஒரு தடிப்பைக் கண்டுபிடித்து, இங்கே இனி ஊசி போடக் கூடாது, மருந்து ஒழுங்காக இறங்காது என்றார். இப்போது காலையில் 130, 140 வருகிறது. அவர் எனக்கு வைத்த குறி 80 முதல் 130, ஆக இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இந்த மாற்றம் என் படத்துக்கு, உங்கள் படம் வேறாக இருக்கும், இதைப் படித்துவிட்டு நீங்களாக யூனிட்டைத் தொடாதீர்கள்.

ஒட்டுபவர்களுக்கு ஒரு யோசனை: ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, ஊசி எப்போது, எத்தனை யூனிட் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆப்பிலேயே குறிக்கலாம், எனக்கு நோட்டுதான் சௌகரியம். அது இல்லாமல் கோட்டை மட்டும் காட்டினால் டாக்டர் பாதி நேரம் உங்களிடம் விசாரித்தே ஓய்ந்துவிடுவார், ஐந்து நிமிட கன்சல்டேஷனில் அதற்கு ஏது நேரம். புது மருந்தில் ராத்திரி எப்படிப் போகிறது என்று பார்க்க இன்னொரு சென்சார் ஒட்டச் சொல்லியிருக்கிறார். மழைக்காலம் வரட்டும் என்று வைத்திருக்கிறேன், வியர்வைத் தொல்லை குறையும்.