2ஏ உரிமத்துக்குள் ஒரு டிராக்கர்: டிரையம்ஃப் 400உம் அதன் போட்டியாளர்களும்

டிரையம்ஃப் டிராக்கர் 400 சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் நாளை ஆவலோடு எதிர்பார்த்திருப்பவர்களுள் நானும் ஒருவன். அதன் தோற்றம் அந்த ஆவலுக்கு ஒரு பாதிக் காரணம்தான். ஃப்ளாட் டிராக் பந்தயத்தின் சாயலில் சாலைக்கென உருவான 'டிராக்கர்' வகை மோட்டார்சைக்கிள்களில் பெயர் பெற்றவை பெரும்பாலும் 2ஆம் வகுப்பு உரிமம் கேட்பவை. 200 சிசி வரையிலான 2பி வகுப்பில் குறைந்தது ஓராண்டு, பின்னர் 400 சிசி வரையிலான 2ஏ வகுப்பில் இன்னும் ஓராண்டு காத்திருந்து தேர்வு எழுதிய பிறகே அவற்றைத் தொட முடியும். 398 சிசி எஞ்சினுடன் வரும் டிராக்கரோ 2ஏ வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். மண் பாவிய நீள்வட்டப் பாதையில், இடப்புறம் வளையும்போது இடக்காலில் மாட்டிய இரும்புக் காலணியைத் தரையில் உரசவிட்டு, பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்பிரேக்கே இல்லாத வண்டியை ஓட்டுவது ஃப்ளாட் டிராக். வழுக்கலைக் கையால் பிடித்து நிறுத்த அகன்ற கைப்பிடி வேண்டும். உடலை முன்னும் பின்னும் நகர்த்தத் தட்டையான இருக்கை வேண்டும். கரடுமுரடான மண்ணில் நிலைகுலையாமலிருக்க 19 அங்குலச் சக்கரங்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வண்டி மெலிந்திருக்க வேண்டும். இந்தக் குணங்களில் எத்தனை சாலை வண்டிக்குள் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்பதையே நான் பார்க்கிறேன்.

வம்சத்தால் முதலிடம், 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் எஃப்டிஆருக்கு உரியது. 2016இல் களமிறங்கிய எஃப்டிஆர்750 பந்தய வண்டியைக் கொண்டு ஜாரெட் மீஸ் 2017இல் அமெரிக்கச் சாம்பியன் ஆனார்; அதே ஆண்டு மிலான் கண்காட்சியில் அதன் 1200 சிசி மாதிரி வைக்கப்பட்டபோது எழுந்த வரவேற்பு, 2018 அக்டோபரில் கொலோன் கண்காட்சியில் சாலை வண்டியாகவே வெளிவந்தது. வி வடிவில் இரு சிலிண்டர் கொண்ட 1203 சிசி எஞ்சின், சுமார் 120 குதிரைத்திறன், முன்னே 19, பின்னே 18 அங்குலச் சக்கரங்கள், பந்தய டயரின் வார்ப்பில் டன்லப் செய்துகொடுத்த டயர்கள் என அது தன் மூலத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. பெட்ரோல் தொட்டியை இருக்கைக்கு அடியில் இறக்கிப் பாரத்தைத் தாழ்த்தியது துணிச்சலான பொறியியல் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் 2022இல் அதன் சாலை மாடல்கள் 17 அங்குலச் சக்கரத்துக்கு மாறின. ராலி மாடல் மட்டும் பழைய அளவைக் காத்தது. 220 கிலோவைத் தாண்டும் எடையும், நண்பகலில் விளக்குக்கு விளக்கு நிற்கையில் தொடையைச் சுடும் எஞ்சின் வெப்பமும் நம் ஊரில் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. இதற்கு முன் 2008இல் ஹார்லி டேவிட்சன், தன் புகழ்பெற்ற எக்ஸ்ஆர்750 பந்தய வண்டியின் நினைவாக 250 கிலோவைத் தாண்டும் எக்ஸ்ஆர்1200ஐ வெளியிட்டபோதும் இதே சிக்கல் இருந்தது: பந்தயத்தின் முகம் வந்தது, அதன் லேசு வரவில்லை.

டுகாட்டி ஸ்கிராம்ப்ளர் ஃபுல் திராட்டில் இடைப்பட்டது. 803 சிசி, 73 குதிரைத்திறன், காற்றால் குளிரும் எஞ்சின், முன்னே 18, பின்னே 17 அங்குலச் சக்கரங்கள். ஓட்டுவதற்கு இனிமையானது என்றாலும் இதுவும் 2ஆம் வகுப்பு வண்டியே. அதன் வால்வு அமைப்பைச் சரிபார்க்கும் பணியும் பையைப் பதம் பார்க்கும்.

ராயல் என்ஃபீல்டை விட்டுவிட மனம் வரவில்லை. சென்னைப் பகுதியில் உருவாகும் வண்டி என்ற பாசத்தோடு, பந்தய வீரர் ஜானி லூயிஸைக் கொண்டு அமெரிக்க ஃப்ளாட் டிராக்கில் இறங்கி, வழுக்கி ஓட்டும் கலையைக் கற்பிக்கப் பள்ளியும் நடத்திய நிறுவனம் என்ற மதிப்பும் அதன்மேல் எனக்கு உண்டு. எனினும் 2024இல் வந்த கெரில்லா 450இன் எஞ்சின் 452 சிசி. 40 குதிரைத்திறன் மட்டுமே தரும் அந்த வண்டியை, 400ஐத் தாண்டிய அந்தச் சிறு கூடுதல் 120 குதிரைத்திறன் எஃப்டிஆரின் வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுகிறது. 2ஏக்குள் அடங்கும் ஹன்டர் 350க்கோ சுமார் 20 குதிரைத்திறன்தான். நகருக்குள் போதும், விரைவுச்சாலையில் மூச்சு வாங்கும்.

ஜப்பானியச் சந்தைக்கென 2000 முதல் 2016 வரை வந்த ஹோண்டா எஃப்டிஆர்223, இரு பக்கமும் 18 அங்குலச் சக்கரங்களுடன் சுமார் 130 கிலோ எடையில், இப்பட்டியலிலேயே ஃப்ளாட் டிராக்கின் உயிருக்கு மிக அருகில் நிற்பது. இங்கே ஏற்கெனவே பதிவான வண்டி நல்ல நிலையில் கைக்கு வந்தால் அதை விடக்கூடாது.

டிராக்கர் 400க்கு வருவோம். இந்தியாவின் பஜாஜ் நிறுவனத்துடைய சாகன் ஆலையோடு பிணைந்த, டிரையம்ஃபின் ஸ்பீட் 400இல் உள்ள அதே ஒற்றைச் சிலிண்டர் குடும்பத்தின் எஞ்சின்தான். ஆனால் அந்த வண்டியின் 40 குதிரைத்திறன் இதில் 42 ஆகியிருக்கிறது. கைப்பிடி இன்னும் அகலம், இன்னும் தாழ்வு. பக்கவாட்டில் பந்தய எண்பலகை. கட்டம் கட்டமான பிரெல்லி எம்டி60 டயர்கள். குறை என்று நான் கருதுவது 17 அங்குலச் சக்கரத்தைத்தான். தோற்றத்தில் அது பந்தயத்தை விட்டு விலகுகிறது. ஆயினும் லிம் சூ காங் பகுதியின் திறந்த சாலைகளைவிட அங் மோ கியோவின் சந்திப்புகளையே அதிகம் காணும் வண்டிக்கு, சட்டென்று திரும்பும் சிறிய சக்கரம் தீங்கன்று; டயர் தேய்ந்ததும் மாலை மழைக்கு ஏற்ற நல்ல சாலை டயர் போடவும் அந்த அளவில்தான் தெரிவு அதிகம்.

இன்னொரு வழி, சாதாரண வண்டியொன்றை வாங்கிப் பட்டறையில் டிராக்கராக மாற்றுவது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை நன்கறிந்த பட்டறை கிடைத்தாலன்றி அதற்கு நான் யாரையும் தூண்டமாட்டேன். ஆலையிலிருந்தே டிராக்கராக வருவதன் மதிப்பு சிங்கப்பூரில் அதனால்தான் கூடுகிறது.

விலையில் இடைவெளி இன்னும் விரிகிறது. கூடுதல் பதிவுக் கட்டணம், வண்டியின் திறந்த சந்தை மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000க்கு 50 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு எனக் கணக்கிடப்படுகிறது. 5,000 வெள்ளி மதிப்புள்ள வண்டிக்கு 750 வெள்ளி. 15,000 மதிப்புள்ளதற்கு 8,250. மதிப்பு மும்மடங்காகும்போது கட்டணம் பதினோரு மடங்காகிறது. பத்தாண்டுகள் வண்டி வைத்திருக்க ஏலத்தில் பெறும் வாகன உரிமைச் சான்றிதழின் விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. 2022 நவம்பரில் அது 13,000 வெள்ளியையும் தாண்டியது. எனவே 2ஏ உரிமம் வைத்திருப்பவர் டிராக்கர் 400க்காகப் பொறுத்திருக்கலாம். 2ஆம் வகுப்பு உரிமம் உள்ளவர், சான்றிதழில் சில ஆண்டுகள் எஞ்சியுள்ள, 19 அங்குல முன்சக்கரம் கொண்ட ஆரம்பகால இந்தியன் எஃப்டிஆரை முதலில் தேட வேண்டும்.