பழைய மினி டிராக்டரைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா: தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் மதிப்பீடு

சிறு தோப்பு வைத்திருப்பவர் டிராக்டரை மாற்ற நினைத்துக் கடைக்குப் போனால், விற்பனையாளர் முதலில் பேசுவது குதிரைத்திறனைப் பற்றித்தான். தென்னைக்குள் ஓட்டுபவரைப் பொறுத்தவரை அது கடைசியில் பேச வேண்டிய விஷயம் என்பதே என் கருத்து. எங்களுடையது ஆனைமலைப் பக்கம் 6 ஏக்கர் தென்னை; பாதிக்கு மேல் கோகோ ஊடுபயிர். பல ஆண்டுகள் உழைத்த 18.5 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்று இருக்கிறது; மூன்று சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம். குளிர்காலக் காலைகளில் கிளம்ப மறுப்பது, எண்ணெய் குடிப்பது, ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) இறக்கினால் கரும்புகை விட்டுத் திணறுவது என்று கடந்த பருவத்தில் அது வயதைக் காட்டத் தொடங்கியது. என்ஜினைப் பிரித்துச் சரிசெய்வதா, புதியது வாங்குவதா என்று முடிவெடுக்க நான் பார்த்தவற்றையும், எடுத்த முடிவு எப்படி இருக்கிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைக் கணக்கிட வேண்டும். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்பது நம் பக்கத்து வழக்கம். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி. மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது என்பதால் அங்கே ஆழமாக உழக் கூடாது. அப்படியானால் இரண்டு பாத்திகளுக்கு நடுவே மிஞ்சுவது 13 அடி. வெறும் தென்னை என்றால் 45 குதிரைத்திறன் வண்டியே ஆறடி ரோட்டவேட்டரோடு தாராளமாகப் போய்வரும். நடுவில் கோகோ வரிசை வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. கவாத்து செய்த கிளைகளுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் இடம் விட்டால், ஒரு பக்கத்துக்கு நான்கடி கிடைத்தாலே பெரிது. ஆகவே என் தோப்புக்குள் நுழையக்கூடியது நான்கடிக்குள் அடங்கும் மினி டிராக்டர் மட்டும்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 39 குதிரைத்திறன் வண்டியைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு இந்த அளவே பதில்.

புதியவற்றில் மூன்றைக் கருத்தில் எடுத்துக்கொண்டேன். மஹிந்திரா ஜீவோ 245 டி.ஐ., 24 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் பி2441, அதுவும் 24 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் குணம் வேறு. ஜீவோவின் என்ஜின் கொள்ளளவு 1300 சி.சி.யைத் தாண்டியது, நிமிடத்துக்கு அது சுழலும் சுற்று குறைவு. குபோட்டாவின் கொள்ளளவு அதைவிடச் சிறியது, 2600 சுற்றில் முழுத் திறனைத் தருவது. சுமை திடீரென ஏறும் வேலைக்கு முன்னது பொருந்தும். அதிர்வு குறைந்த, நிதானமான ஓட்டத்துக்குப் பின்னது. குபோட்டாவின் முன் அச்சில் பெவல் கியர் (சாய்வான பற்சக்கரம்) வழியாகச் சக்தி செல்வதால், திருப்பம் குறுகியதாகவும் சேற்றில் கெடக்கூடிய இணைப்பு இல்லாமலும் அமைந்திருக்கிறது. கோகோ வரிசையின் முனையில் வண்டியைத் திருப்பும் சிரமம் அறிந்தவர்கள் இதன் அருமையை உடனே புரிந்துகொள்வார்கள். மூன்றாவது, மஹிந்திராவின் ஓஜா வரிசை. ஜப்பானின் மிட்சுபிஷி மஹிந்திராவோடு சேர்ந்து உருவாக்கி, 2023 ஆகஸ்ட் 15 அன்று கேப் டவுனில் அறிமுகம் செய்தார்கள். 21 குதிரைத்திறன் கொண்ட ஓஜா 2121க்கு 950 கிலோ தூக்கும் ஹைட்ராலிக்கும், முன்னோக்கி 12, பின்னோக்கி 12 என்று, ஒரே நெம்புகோலில் திசை மாற்றும் ஷட்டில் கியரும் இருக்கின்றன. மரத்துக்கு மரம் முன்னும் பின்னும் போக வேண்டிய தோப்பில் ஷட்டில் கியர் உண்மையான வசதி. விளம்பரத்துக்குச் சேர்த்த அலங்காரம் அல்ல. அதன் மின்னணுக் கட்டுப்பாடுகளை ஊர்ப் பட்டறையில் பார்க்க முடியுமா என்பதுதான் எனக்கு இருந்த தயக்கம்.

மூன்றும் நல்ல வண்டிகள். ஆனால் ஐந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து 18.5இலிருந்து 24க்கு ஏறினால் எனக்குக் கூடுதலாக என்ன வேலை நடக்கும் என்று யோசித்தபோதுதான் விடை தெளிவாகியது. மூன்றடி ரோட்டவேட்டருக்குப் பதிலாக நான்கடி ரோட்டவேட்டர் மாட்டலாம். என் கோகோ வரிசைக்குள் அது நுழையாது. டிரெய்லரில் கூடுதலாகக் காய் ஏற்றலாம். தோப்பிலிருந்து களத்துக்கு அரை மைல் தூரம்கூட இல்லை. எனக்கு உண்மையிலேயே கூடுதல் சக்தி தேவைப்படுவது மட்டை தூளாக்கும் கருவிக்கு மட்டும்தான். ஒரு மரம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை விழுத்துகிறது என்று வைத்தால், 6 ஏக்கருக்கு ஆண்டுக்கு 5,000 மட்டை சேர்கிறது. அவற்றை அரைத்து மூடாக்காகப் போட வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. பச்சை மட்டையின் அடிப்பகுதியைத் தயங்காமல் இழுத்து அரைக்கும் பெரிய கருவிகளுக்கு 35 குதிரைத்திறனுக்கு மேல் கேட்கிறார்கள். அதாவது, 24 குதிரைத்திறன் வண்டி வாங்கினாலும் அந்த வேலைக்கு இழுபறிதான். அந்தக் கருவியோ வரப்போரம் நின்ற இடத்திலேயே ஓடுவது. மரங்களுக்கிடையே நுழைய வேண்டியதில்லை. ஆண்டில் சில நாள் பெரிய டிராக்டரோடு வாடகைக்கு எடுத்தால் முடிந்துவிடும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாகவே முன்பதிவு செய்ய முடிகிறது. தனியார் வாடகை மையங்களும் சுற்றுவட்டாரத்தில் உண்டு.

அதன்பின் எஞ்சிய கேள்வி, பழைய வண்டி செலவு செய்யத் தகுதியானதா என்பது. இதை என்ஜினைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. என்ஜின் எப்படியும் புதுப்பிக்கக்கூடியது. கியர் பெட்டியும் பின் அச்சும் போயிருந்தால் தேறாது. எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் செய்தது, கியர் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வெள்ளைத் துணி வழியாக வடித்து, வடிகால் திருகின் காந்தத்தைத் துடைத்துப் பார்த்ததுதான். சாம்பல் நிறத்தில் பசை போன்ற நைந்த தூள் மட்டும் ஒட்டியிருந்தது. அது தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. நகம் அளவுக்குச் செதில் கிடைத்திருந்தால் பல் உடைந்திருக்கிறது என்று பொருள், அப்போது வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார். அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் புஷ் தேய்ந்திருந்தது. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது அது ஒரு சாண்கூட இறங்கவில்லை; தூக்கும் ஹைட்ராலிக் நன்றாக இருக்கிறது என்று பொருள். என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாயில் மட்டும், என்ஜின் ஓடும்போது ரயில் போலப் புகை வந்துகொண்டிருந்தது. முன் அச்சின் சிறு தேய்மானத்தைத் தவிர, நோய் என்ஜினோடு நிற்கிறது என்பது இந்தச் சோதனைகளிலேயே தெரிந்துவிட்டது.

வேலையைத் தொடங்குமுன் லைனர் (சிலிண்டரின் உட்குழல்), பிஸ்டன், பேரிங் ஆகியவை அசல் உதிரியாகக் கிடைக்கின்றனவா என்று கேட்டு, கையில் வாங்கிவைத்துக்கொண்ட பிறகே வண்டியைப் பிரிக்கவிட்டேன். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உதிரிக்காகக் காத்திருக்கும் தோப்புக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிராங்க் தண்டை லேத் பட்டறையில் அளந்தார்கள். வால்வு இருக்கைகளை வெட்டினார்கள். டீசல் பம்பையும் டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் தனியாகப் பம்ப் கடைக்கு அனுப்பினோம். பலர் இந்தக் கடைசி வேலையில் சிக்கனம் பார்க்கிறார்கள்; புது பிஸ்டனோடு பழைய நாசில் போட்டால் கரும்புகை போகாது, செலவுதான் வீணாகும். என்ஜினையும் கியர் பெட்டியையும் பிரித்தாயிற்று என்பதால் கிளட்ச் தட்டையும் அப்போதே மாற்றிக்கொண்டோம். தட்டின் விலை மட்டும்தான் செலவு. தனியாகச் செய்தால் கூலி இன்னொரு முறை. உதிரி, கூலி, முன் அச்சு வேலை எல்லாம் சேர்ந்தும் புதிய வண்டியின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டி, இப்போது வாங்காவிட்டால் எப்போது வாங்குவீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. டயர், கிளட்ச், ரேடியேட்டர் போன்ற டிராக்டர் உதிரிகளுக்கும் அதே நாளில் 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது என்பதை அவர்கள் சொல்வதில்லை. மானியத்தைப் பொறுத்தவரை, வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, கிடைக்கிறது. அந்த 50 சதவீதத்துக்குத் தகுதி உள்ளவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வண்டியை மாற்றிக் கொடுக்கும் திட்டம் பற்றி விசாரித்த ஒரு முகவரிடம் கசப்புதான் மிஞ்சியது. பழையதற்கு நல்ல விலை போட்டதாகச் சொல்லி, மேற்கூரை, பம்பர், இழுவைக் கொக்கி என்று ஒவ்வொன்றையும் விலைச்சீட்டில் சேர்த்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது போல எழுதிக் கொடுத்தார். பதிவுச் சான்றின் 15 ஆண்டுக் காலம் நெருங்கும் வண்டிக்கு வெளிச்சந்தையிலும் விலை சரியும் என்பதால், விற்கத் தீர்மானிப்பவர்கள் புதுப்பித்துவிட்டு விற்பதோ, காலம் இருக்கும்போதே விற்பதோ நல்லது.

புதுப்பித்த வண்டி இப்போது எப்படி இருக்கிறது? முதல் 50 மணி நேரம் கல்டிவேட்டரும் காலி டிரெய்லருமாக மெதுவாக ஓட்டி, எண்ணெய் மாற்றிய பிறகே ரோட்டவேட்டரை மாட்டினோம். பசுந்தாள் உரத்துக்காக விதைத்த தக்கைப்பூண்டை மடக்கி உழுதபோது சுற்று விழவில்லை, புகையும் இல்லை. குறைகள் அப்படியேதான் இருக்கின்றன: பவர் ஸ்டியரிங் கிடையாது, மாலையில் தோள்பட்டை வலிக்கிறது, ஷட்டில் கியர் இல்லாததால் வரிசை முனையில் கியர் மாற்றும் வேலை இரட்டிப்பு. நாள் முழுக்க வாடகைக்கு ஓட்டுபவர், முதுகுவலி உள்ளவர், அல்லது கியர் பெட்டியில் செதில் கண்டவர் என்றால் நான் தயங்காமல் புதியதைப் பரிந்துரைப்பேன். அவர்களில் ஊடுபயிர்த் தோப்புக்காரருக்கு நியோஸ்டார், ரோட்டவேட்டர் வேலையே பிரதானம் என்பவருக்கு ஜீவோ, மின்னணு வேலை தெரிந்த சேவை மையம் பக்கத்தில் இருப்பவருக்கு ஓஜா. எங்கள் வண்டிக்கு இனி பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். வரி குறைந்த விலையில், வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் அதை முடித்துவிட உத்தேசம்.