அரவைப்பா பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களே, 640 டாலரை விழுங்கியவர்கள் அடுத்து உங்களையும் கூப்பிடுவார்கள்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அரிசோனாவில் இருக்கும் அரவைப்பா பள்ளத்தாக்கில் நடக்கவும், பறவை விலங்குகளைப் பார்க்கவும் இணையத்தில் ஒரு சுற்றுலா முகவரிடம் 640 டாலர் கட்டினோம். நடக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பணமும் வரவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலைவனத்தின் நடுவே வற்றாத ஓடை ஓடுகிற ஆழமான பள்ளத்தாக்கு அது. 1984இல் பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக அறிவித்தார்கள். நடைபாதை என்று ஒன்று போடப்படவில்லை. பெரும்பாலும் ஓடைத் தண்ணீரிலேயே நடக்க வேண்டும். பாறை விளிம்புகளில் பெருங்கொம்பு ஆடுகள் நிற்கும். தண்ணீரோர மரங்களில் கரும்பருந்து கூடு கட்டும். ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான் அனுமதி: மேற்கு வாசலில் 30, கிழக்கில் 20. இந்தத் தட்டுப்பாட்டில்தான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

நாங்கள் கேட்ட தேதிக்கு அரசுத் தளத்தில் இடம் இல்லை. முகவரின் தளத்திலோ "மூன்று இடங்கள் மீதம்" என்று சிவப்பில் மின்னியது. சந்தேகப்பட்டுத்தான் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவன் சாதாரண ஆள் இல்லை. மார்ச்சில் கரும்பருந்து வந்துவிடும், ஓடையோரத்து உயர்ந்த மரங்களின் கிளைக்கவட்டைப் பாருங்கள் என்றான். ஈரத்தில் வழுக்காத காலணி போடச் சொன்னான். மாமனாரும் வருகிறார் என்றதும் அவர் வயதைக் கேட்டு, "பெரியவருக்கு ஊன்றுகோல் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் வாங்க வேண்டாம்" என்றான். அந்த ஊன்றுகோல்தான் 640 டாலரைக் கட்ட வைத்தது. வழிகாட்டி, தொலைநோக்கி, மூவருக்கும் அனுமதிச் சீட்டு, எல்லாம் அதில் அடக்கம். சாயங்காலமே முத்திரை பதித்த சீட்டும் மின்னஞ்சலில் வந்துவிட்டது.

குறித்த நாளில் 77ஆம் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி, மண் சாலையில் குலுங்கி மேற்கு வாசலுக்குப் போனால், வழிகாட்டியைக் காணோம். வாகனங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அலுவலர் சீட்டை வாங்கி, தன் பட்டியலில் விரலை ஓட்டினார். எங்கள் பெயர் இல்லை. பிறகு சீட்டின் அடிவரியைக் காட்டினார். "கிழக்கு வாசல்" என்று அச்சிட்டிருந்தது! மேற்கே வரச் சொன்னதே அந்த முகவர்தான். பள்ளத்தாக்கின் குறுக்கே சாலை கிடையாது. மறுபக்கம் போக மலையைச் சுற்றிப் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். போயும் பயனில்லை, அந்தச் சீட்டு எண்ணே தங்களுடையது இல்லை என்றார் அலுவலர். மாமனார் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டியபடி காருக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அங்கே கைபேசிச் சமிக்ஞையும் இல்லை. நெடுஞ்சாலைக்குத் திரும்பி வந்து அழைத்தால், "வழிகாட்டி உங்களுக்காகக் காத்திருந்தார், நீங்கள்தான் வரவில்லை" என்றார்கள். எங்கே காத்திருந்தார்? பதில் இல்லை. அடுத்த அழைப்பில் வேறொருத்தி, "அனுமதி கொடுப்பது அரசு, அவர்களிடம் கேளுங்கள்" என்றாள். அரசு கொடுக்காத சீட்டுக்கு அரசிடம் எதைக் கேட்பது? பிறகு, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும்படி 100 டாலர் சலுகைச் சீட்டு தருகிறோம் என்றார்கள். 640 டாலரைப் பிடுங்கிக்கொண்டு 100 டாலர் சலுகை! இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. ஆனால் "உங்கள் பயணம் எப்படி இருந்தது? நட்சத்திரம் தாருங்கள்" என்று மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வருகிறது. கடன் அட்டை வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். சீட்டை மின்னஞ்சலில் அனுப்பியதால் சேவை முடிந்துவிட்டது என்று முகவர் தரப்பில் அங்கே வாதாடுகிறார்களாம்.

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். அனுமதிக் கட்டணம் தலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர்தான்; அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் நீங்களே எடுங்கள். 13 வாரங்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும். நாள் நிரம்பியிருந்தால் யாராவது ரத்து செய்கிறார்களா என்று அதே தளத்தில் பாருங்கள், வேறெங்கும் தேடாதீர்கள். சீட்டில் எந்த வாசல் என்று பாருங்கள். முகவர் அனுப்பும் சீட்டு எண்ணை, பணம் கட்டுவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கை நிர்வகிக்கும் நில மேலாண்மைப் பணியகத்தின் அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள்.