டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: கேமரா கிளிப் உள்ளே ஏறாவிட்டால் எங்கே பார்ப்பது?

குமரி மாவட்டத்துக் கல்யாண வேலையில் இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், கூடவே ஒரு போன் என்று ஒரே நாளில் பல வகைக் கோப்புகள் சேர்ந்துவிடும். காலையில் மார்த்தாண்டத்தில் திருமணம், மாலையில் நாகர்கோவிலில் வரவேற்பு, இரவே டீசர் கேட்பார்கள். அந்த நேரத்தில் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் மீடியா பூலில் (கோப்புகளைச் சேர்க்கும் இடம்) கிளிப் ஏறாவிட்டால் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. அதில் நேரம் போகுமே தவிர வேலை நடக்காது. இலவசப் பதிப்பை விண்டோஸில் நெடுநாள் ஓட்டிய அளவில், காரணம் பெரும்பாலும் கோப்புக்குள்தான் இருக்கிறது.

முதலில் மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கிளிப்பைத் திறக்க வேண்டும். எம்பி4 என்பது வெறும் உறை. உள்ளே படத்தைச் சுருக்கிய முறை எச்.264 ஆ எச்.265 ஆ, பிட் டெப்த் (நிறப் படிகளின் நுணுக்கம்) 8 அல்லது 10, குரோமா (நிறத் தகவலின் அளவு) 4:2:0 அல்லது 4:2:2, பிரேம் ரேட் நிலையானதா மாறுவதா, ஒலி எந்த வகை என்பதெல்லாம் இதில் தெரியும். பாதிச் சிக்கல் இங்கேயே புரிந்துவிடும்.

அதிகம் தலைவலி தருவது 10 பிட் 4:2:2. சோனியின் புதிய கேமராக்களில் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு வகையைத் தேர்ந்து 4:2:2 வைத்து எடுத்தால், விண்டோஸ் இலவசப் பதிப்பில் ஒலி மட்டும் வரும், படம் வராது. அல்லது ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக நிற்கும். அதே கிளிப் விஎல்சியில் நன்றாக ஓடுவதால் குழப்பம் கூடுகிறது. விஎல்சி தன் சொந்த டிகோடரில் (சுருக்கிய படத்தைப் பிரிக்கும் பகுதி) ஓட்டுகிறது. ரிசால்வ் இந்த வகையை விண்டோஸில் கட்டணமுள்ள ஸ்டுடியோ பதிப்புக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. கோப்பில் பழுது ஏதுமில்லை.

இதற்கு மாற்று, கிளிப்பை வேறு வகைக்கு மாற்றித் தரும் ஷட்டர் என்கோடர் என்ற கருவி. கிளிப்பை உள்ளே இழுத்துப் போட்டு, எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் வகையைத் தேர்ந்து, தரத்தை எச்க்யூஎக்ஸ் என்று வைத்தால் 10 பிட் அப்படியே இருக்கும். எச்க்யூ என்று வைத்தால் 8 பிட்டாகிவிடும். லாக்கில் (பிறகு நிறம் திருத்துவதற்கென மங்கலாகப் பதியும் முறை) எடுத்த காட்சிக்கு அது நஷ்டம். இடத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 4கே 25 பிரேமில் 140 எம்பிபிஎஸ் கிளிப் மணிக்கு சுமார் 63 ஜிபி பிடிக்கும். டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாற்றினால் அதுவே ஏறத்தாழ 300 ஜிபி. முழுக் கல்யாணத்தையும் மாற்றுவது வீண். தாலி கட்டு, மோதிரம் மாற்று, ட்ரோன் என்று வேண்டிய கிளிப்புகளை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். ஆனால் அதை வாங்கினாலும் கணினி தோள் கொடுக்க வேண்டும். எச்.265 4:2:2 கோப்பை 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கிராபிக்ஸ் தானே பிரித்துவிடும். எச்.264 4:2:2 அப்படியல்ல. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அதற்கு வசதி வந்தது. அதற்கு முந்தைய கார்டுகளில் முழுச் சுமையும் பிராசசர் மேல் விழும், டைம்லைன் திணறும். நேராகச் சொன்னால், நிறத்தைப் பெரிதாக மாற்றாத கல்யாண வேலைக்கு 8 பிட் 4:2:0 தாராளம். அப்படி எடுத்தால் இந்தச் சிக்கலே எழாது.

படம் வந்து ஒலி வராவிட்டால் ஒலியின் வகையைப் பாருங்கள். பழைய ஏவிசிஎச்டி கேமராக்களின் எம்டிஎஸ் கோப்பில் டால்பி ஏசி-3 என்ற சுருக்கிய ஒலி இருக்கும். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக்கி எம்ஓவி உறையில் போட்டால் போதும். தரம் குறையாது, நிமிடக் கணக்கில் முடியும். எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பிரித்து எடுக்காமல் கார்டில் உள்ள பிரைவேட் கோப்புறையை முழுதாகக் காப்பி செய்வது முக்கியம். நீண்ட பதிவை கேமரா துண்டு துண்டாக எழுதுகிறது. துண்டுகளை இணைக்கும் தகவல் மற்ற கோப்புகளில் இருக்கிறது.

போன் கிளிப் ஏறிவிடும், ஆனால் அதன் பிரேம் ரேட் மாறிக்கொண்டே இருப்பதால் பிறகு ஒலி நழுவும். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் கருவியில் நிலையான 25 பிரேமாக்கிவிட்டு ரிசால்வில் ஏற்றுங்கள். கோப்ரோவின் எல்ஆர்வி, ட்ரோனின் எல்ஆர்எஃப் இரண்டும் முன்னோட்டக் கோப்புகள். அவை ஏறாததைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டு சோனி ஓடும் இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. இரண்டிலும் சி0001 என்றே பெயர் வரும். ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். கேமராவின் கோப்பு அமைப்பில் ஆளுக்கொரு தலைப்புப் பெயர் வைத்து, ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கோப்புறை போடுவதே பாதுகாப்பு.

பதிவின் நடுவே பேட்டரி கழன்றால் கோப்பின் அளவு பெரிதாகவே காட்டும், எதிலும் திறக்காது. எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை கேமரா பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கிறது. அது இல்லாமல் வழக்கமான மென்பொருளால் கோப்பைப் படிக்க முடியாது. கார்டில் வேறு எதையும் எழுதாமல் அதே கேமராவில் திரும்பப் போட்டு இயக்குங்கள். பல கேமராக்கள் தாமே சரிசெய்யக் கேட்கும். அது நடக்காவிட்டால் அன்ட்ரங்க் என்ற கருவி இருக்கிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

முட்டம், குளச்சல், கன்னியாகுமரி கடற்கரையில் அடிக்கடி எடுப்பவர்கள் கார்டின் தங்க நிறத் தொடுமுனைகளையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் படலம் பிடித்தால் பாதிக் காப்பியில் கார்டு துண்டிக்கும், கிளிப் குறையாக வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, பிசிறு உதிராத துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் ரீடரில் போடுங்கள். காப்பிக்கு ரிசால்வின் மீடியா பக்கத்தில் உள்ள குளோன் கருவியே போதும். அசலும் காப்பியும் ஒன்றுதானா என்று செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அதில் உண்டு. அது முடிந்து, கிளிப்புகளை இரண்டு டிரைவில் திறந்து பார்த்த பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மெட் செய்யுங்கள்.