மேடைக்கு கிட்டார் செட் வாங்குகிறவர்களே, உஷார்: என் 68,500 ரூபாய் போன விதம்

மேடையில் கிட்டார் வாசிக்கிறவர்கள், இனிமேல் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். என் 68,500 ரூபாய் போய்விட்டது. கோயில் கொடையிலும் கல்யாண ரிசப்ஷனிலும் ராத்திரி ராத்திரியாக வாசித்துச் சேர்த்த பணம். அதை வாங்கிக்கொண்ட கடைக்காரர் இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். மேடைக்கு என்ன வாங்கலாம், எதை எதோடு இணைக்கலாம், எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். நடந்ததை முதலில் கொட்டிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். இதுவரை சின்ன ஆம்ப் ஒன்றை மேடையில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு மைக் நிறுத்தித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ட்ரம்ஸ் இருந்தால் அந்த மைக்கில் ட்ரம்ஸும் சேர்ந்து விழும். கிட்டாரை ஏற்றினால் சிம்பலும் ஏறும். அதனால் ஆம்பை விட்டுவிட்டு, கிட்டார் சத்தத்தை மெருகேற்றித் தருகிற ப்ராசஸர் பெட்டியிலிருந்து நேராக மிக்சருக்குப் போகிற மாதிரி மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடை சென்னையில். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. புதுசு, பழசு இரண்டும் விற்கிற இசைக்கருவிக் கடை. இன்ஸ்டாகிராமில் டெமோ வீடியோ போட்டுக்கொண்டே இருப்பார்கள். ‘லைவ் செட் முழுசும் நாங்களே அமைத்துத் தருவோம், நீங்கள் போய் வாசித்தால் போதும்’ என்பது அவர்கள் விளம்பரம். அதை நம்பித்தான் ரயில் ஏறினேன்.

ஓனர் என்னை நடத்திய விதத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இப்படித்தான் நம்பிக்கை வாங்குகிறார்கள். உட்காரவைத்து டீ வரவழைத்தார். எந்த மாதிரி மேடை, எத்தனை பேர் குழு, மிக்சர் நம்முடையதா மைக்செட்காரருடையதா, ஜெனரேட்டரா ஈ.பி. லைனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாமே சரியான கேள்விகள். ‘நானும் ஆர்கெஸ்ட்ராவுல வருஷக்கணக்கா வாசிச்சவன்தான் தம்பி, மேடையில சத்தம் வராம நிக்கிற அவமானம் எனக்குத் தெரியும்’ என்றார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, கிட்டார், ஒயர்லெஸ் (கேபிள் இல்லாமல் ரேடியோவில் சத்தத்தை அனுப்புவது), ப்ராசஸர், டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி), மிக்சர் என்று வரிசையாகக் கட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். ‘இதை கிட்டார் கேஸ்ல ஒட்டி வச்சுக்கங்க. நடுராத்திரி போன் பண்ணாலும் எடுப்பேன்’ என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. ‘சரிண்ணே, நீங்க சொல்றதையே எடுத்துக்கறேன்’ என்றேன்.

மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் 46,000. ‘புதுசு தம்பி, டெமோவுக்காகத்தான் சீல் பிரிச்சோம்’ என்றார். கிட்டார் ஒயர்லெஸ் 16,500. அது பழசு என்று சொல்லித்தான் கொடுத்தார், ஆனால் ‘அமெரிக்காவுல பெரிய பேண்டு யூஸ் பண்ணது, இப்ப வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டெல்லாம் இதுகிட்ட நிக்காது’ என்றார். டிஐ பாக்ஸ் 6,000. மொத்தம் 68,500. ஜிஎஸ்டி பில் கேட்டேன். கம்ப்யூட்டர் பார்க்கிற பையன் லீவு, மறுநாள் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். கவுன்டரில் இருந்த கியூஆர் கோடு கடைப் பெயரில் இல்லை, வேறு யாரோ ஒரு ஆள் பெயர் காட்டியது. கேட்டதற்கு ‘நம்ம மச்சான் அக்கவுண்ட்தான்’ என்று பதில். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

கடையில் மாட்டிக் காட்டியபோது எல்லாம் பிரமாதமாக இருந்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். கடையில் ஒரே பிளக் பாயின்ட். மிக்சர் இரண்டடி தூரத்தில். சுற்றி பத்து போன்கூட இல்லை. சத்தம் பேச்சுக்குரல் அளவுதான். அந்தச் சூழ்நிலையில் எந்த ஓட்டைச் செட்டும் நன்றாகத்தான் பாடும்.

வீட்டுக்கு வந்து ப்ராசஸரைப் போட்டு, வாங்கியவர் தன் சவுண்டுகளைச் சேமித்து வைக்கிற யூசர் பேங்கைத் திருப்பினேன். ‘சண்டே லீட்’, ‘வொர்ஷிப் பேட் 2’, ‘ஆல்டர் கால் க்ளீன்’ என்று ஏற்கெனவே பேட்ச்கள், அதாவது சேமித்து வைத்த சவுண்ட் அமைப்புகள். யாரோ ஒருவர் சர்ச்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் பொறுமையாகச் செய்து சேமித்து வைத்தவை. புதுப் பெட்டியில் இது எப்படி இருக்கும்? உடனே போன் செய்தேன். ‘அது நம்ம டெமோ பையன் போட்டது தம்பி, ரீசெட் பண்ணிருங்க.’ கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைச் சொல்லி விசாரித்தேன். அவர்கள் நல்லபடியாகப் பார்த்துச் சொன்னார்கள்: 2021-லேயே விற்று, வேறொருவர் பெயரில் பதிவாகி, வாரண்டியும் முடிந்த பெட்டி. அந்தப் பதிலைக் கடைக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் ஒரு கொடைக்கு நாள் வந்துவிட்டது. மத்தியானம் சவுண்ட் செக். மைதானம் காலி. ஒயர்லெஸ் அருமையாக வேலை செய்தது. மேடையை விட்டு இறங்கி ஆலமரம் வரை நடந்தேன், ஒரு விக்கல் இல்லை. ராத்திரி வில்லுப்பாட்டு முடிந்து நாங்கள் ஏறும்போது ஊரே திரண்டு நின்றது, கையில் ஆளுக்கு ஒரு போன். முதல் பாட்டின் லீட் ஆரம்பிக்கிற இடத்திலேயே கிட்டார் சத்தம் விட்டு விட்டு வந்தது, அப்புறம் ‘கர்ர்’ என்று ஒரு இரைச்சல், அப்புறம் ஒன்றுமே இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இடுப்பில் மாட்டுகிற டிரான்ஸ்மிட்டரான பெல்ட் பேக்கின் பின்னால் பேட்டரி மூடிக்குக் கீழே பொடி எழுத்தில் 718-742 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. இந்த 700 பேண்டில் ஒயர்லெஸ் மைக் வகைகளை அமெரிக்காவில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை ஜியோ வாங்கி 5ஜி ஓட்டுகிறது, அதில் 703 முதல் 748 வரை போனிலிருந்து டவருக்குப் போகிற பகுதி. அதாவது என் ரிசீவருக்குப் பத்தடி முன்னால் நின்று வீடியோ அனுப்புகிறவர்களின் ஜியோ 5ஜி போனெல்லாம் அதே இடத்தில் கத்தும். காலி மைதானத்தில் ஓடும், கூட்டம் வந்தால் செத்துவிடும். இசைக்கருவி விற்கிறவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. அமெரிக்காவிலேயே சட்டப்படி பயன்படுத்த முடியாத செட்டைத்தான் ‘அமெரிக்க செட்’ என்று என் தலையில் கட்டியிருக்கிறார்.

சரி, ஒயர்லெஸ்ஸைக் கழற்றிவிட்டு கேபிளில் மாட்டினேன். இப்போது ‘ம்ம்ம்’ என்று ஹம். லைட் செட்டும் சவுண்டும் வேறு வேறு லைனில் இருந்தால் வருகிற கிரவுண்ட் லூப் ஹம்தான், மேடையில் புதிதல்ல. அதற்குத்தான் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. தட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. மைக்செட் அண்ணாச்சி அங்கிருந்து ‘தம்பி, ஒங்க லைன்ல இருந்துதான் வருது, எடுத்துருங்க’ என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அடுத்த பாட்டுக்குத் தபேலாவின் கண்டன்சர் மைக்குக்காக அவர் ஃபான்டம் பவரை, அதாவது மிக்சரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே போகிற 48 வோல்ட் மின்சாரத்தைப் போட்டார். அந்த மிக்சரில் எல்லாச் சேனலுக்கும் ஒரே சுவிட்ச். ‘டப்’ என்று ஒரு சத்தம். அதோடு என் ப்ராசஸரின் அவுட்புட் போய்விட்டது. மிச்சக் கச்சேரி முழுக்க நான் வெறும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன். கமிட்டியில் என் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் எங்கள் ஊர் ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். டிஐ பாக்ஸின் அடியில் இருந்த நான்கு திருகையும் கழற்றினார். உள்ளே பார்த்ததும் இரண்டு பேரும் பேசவில்லை. தனி மின்சாரம் இல்லாமல் வேலை செய்கிற பேஸிவ் டிஐ என்றால் உயிரே அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். கிட்டார் பக்கத்தையும் மிக்சர் பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பது அதுதான். இதில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. ஜாக்கிலிருந்து ஒரு சிவப்பு ஒயர், ஒரு கருப்பு ஒயர், நடுவில் ஒரு ரெசிஸ்டர், நேராக மைக் கேபிள் மாட்டுகிற எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் சால்டர். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சின் கால்களில் ஒரு ஒயர்கூட இல்லை, வெறுமனே தகரத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள். கனம் தெரிய வேண்டும் என்று ஒரு இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். யோசித்துச் செய்த வேலை இது. அந்த 48 வோல்ட் ஃபான்டம் தடுக்க ஆளில்லாமல் நேராக ப்ராசஸரின் அவுட்புட்டுக்குள் ஏறியதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். ப்ராசஸரையும் திறந்தார். போர்டில் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த தடம். அடாப்டர் சாக்கெட்டை யாரோ ஏற்கெனவே கழற்றி மறுபடி சால்டர் வைத்திருக்கிறார்கள். 46,000 ரூபாய்க்குப் ‘புதுசு’ என்று விற்ற பெட்டி.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். நடுராத்திரி எடுப்பேன் என்றவர் பட்டப்பகலில் எடுக்கவில்லை. கடை நம்பருக்கு அடித்தால் ஒரு பையன், ‘ஓனர் வெளியூர் போயிருக்காரு.’ மறுபடி அடித்தால், ‘பொருளை கூரியர்ல அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்.’ பொருளையும் அனுப்பிவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? ‘பணத்தைத் திருப்பிக் கொடுங்க, கையோட கொண்டுவந்து தரேன்’ என்றேன். ‘வித்த பொருளைத் திரும்ப எடுக்கறதில்ல, போர்டே இருக்கே, பார்க்கலையா?’ கடைசியில் ஒருநாள் ஓனரே எடுத்தார். ‘உங்க ஊர் ஜெனரேட்டர் கரண்டுல போட்டு எரிச்சுட்டு என்மேல பழி போடாதீங்க. மேடையில வயர் மாட்டத் தெரியாதவங்க இதெல்லாம் வாங்கக் கூடாது.’ முன்பு ‘தம்பி’ என்று சொன்ன வாயில் இப்போது அந்த வார்த்தை வரவில்லை. ‘அப்போ டிஐ பாக்ஸுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் எங்கே?’ என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் லைனைத் துண்டித்தார். அன்றைக்கே பிளாக். என் 68,500 ரூபாய்க்கு அவர் கொடுத்த ஒரே எழுத்துப்பூர்வமான சான்று அந்த அம்புக்குறி போட்ட தாள்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம். ‘வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிற போர்டைக் கண்டு பயப்படாதீர்கள். பழுதான பொருளை பில்லில் போட்ட காலக்கெடுவுக்குள், அப்படி ஒன்றும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில் கொடுக்காததும் அதே கணக்குதான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கேப் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தை ப்ராசஸரே உருவாக்குவது) எப்போது போட வேண்டும், மானிட்டர் எப்படி வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுத நினைத்தேன். இப்போது இருக்கிற எரிச்சலில் முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். டிஐ பாக்ஸ் வாங்கினால் கடையிலேயே அடித்தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய ஒயர்லெஸ்ஸில் 700 மெகாஹெர்ட்ஸ் எண் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டும் வைஃபை நிறைந்த மண்டபத்தில் தடுமாறும், அதனால் எது வைத்திருந்தாலும் ஒரு நல்ல கேபிள் கையில் இருக்கட்டும். கிட்டார் கேபிளை ஆறேழு மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், அதற்கு மேல் தூரம் என்றால் டிஐ போட்டு எக்ஸ்எல்ஆரில் போங்கள். மிக்சரில் ஃபான்டம் ஒரே சுவிட்சா என்று மைக்செட்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ‘புதுசு’ என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே சீரியல் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள், யூசர் பேட்ச்களைத் திருப்பிப் பாருங்கள். கடைப் பெயரில்லாத கியூஆர் கோடுக்குப் பணம் அனுப்பாதீர்கள், பில் கையில் வந்த பிறகு மட்டுமே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை எல்லாம் அன்றன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த ஆள் எனக்கு அனுப்பியதில் பாதியை ‘எல்லோருக்கும் நீக்கு’ போட்டு அழித்துவிட்டார்.