மாநிலத்தை உடைப்பதா, மாவட்டத்தை உடைப்பதா, கவுன்சிலருக்கு அதிகாரம் கொடுப்பதா?

தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை தலைதூக்கும். டாக்டர் ராமதாஸ் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார். 2021 ஜூலையில் எல். முருகன் ஒன்றிய அமைச்சரானபோது அவரைப் பற்றிய குறிப்பில் ‘கொங்கு நாடு’ என்று இருந்ததை வைத்து டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை ஒரே ரகளை. ஒரு பக்கம் “தமிழர் நிலத்தைக் கூறு போடப் பார்க்கிறார்கள்”, இன்னொரு பக்கம் “சின்ன மாநிலம் என்றால் நிர்வாகம் நன்றாக இருக்கும்”. இரண்டாவது வாதத்தை யாரும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை, அதனால் இந்த அலசல். அளவுகோல் ஒன்றுதான்: அரசாங்கத்திடம் வேலை இருக்கிற சாதாரண ஆளுக்கு எந்த வழியில் அலைச்சல் குறைகிறது?

முதலில் பெரிய மருந்து, அதாவது தனி மாநிலம். 2000 நவம்பரில் ஒரே மாதத்தில் சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஜார்க்கண்ட் மூன்றும் பிறந்தன. இதில் சத்தீஸ்கரையும் ஜார்க்கண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும், ஏனென்றால் இரண்டிலும் காடு, கனிமம், பழங்குடி மக்கள், மாவோயிஸ்ட் பிரச்சினை என்று தொடக்க நிலைமை கிட்டத்தட்ட ஒன்றுதான். சத்தீஸ்கரில் ரமன் சிங் 2003 முதல் 2018 வரை தொடர்ந்து முதல்வராக இருந்தார், ரேஷன் கடைகளைச் சீர்செய்தார், மத்திய சட்டம் வருவதற்கு முன்பே 2012-ல் தனியாக உணவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். ஜார்க்கண்டிலோ முதல் 14 வருடத்தில் மூன்று முறை குடியரசுத் தலைவர் ஆட்சி, நடுவில் மது கோடா என்று ஒரு சுயேச்சை எம்எல்ஏ முதல்வராகவே ஆனார், பஞ்சாயத்துத் தேர்தலே 2010-ல்தான் முதன்முறையாக நடந்தது. 81 பேர் சட்டமன்றத்தில் நாலு பேர் அணி மாறினால் ஆட்சி கவிழும். சின்ன மாநிலத்தில் எம்எல்ஏவின் விலை ஏறும் என்பதை ஆதரவாளர்கள் யாரும் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கனிமம் எல்லாம் ஜார்க்கண்டுக்குப் போய் வெறும் வயலோடு நின்ற பீகார் 2006-ல் பஞ்சாயத்துகளில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியது, அதே வருடம் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2011 கணக்கில் பீகார் 10 கோடிக்கு மேல், ஜார்க்கண்ட் 3.3 கோடி. ஆக, சிறியதாக இருப்பது மட்டும் எதையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நம் ஊரையே பாருங்களேன், 7.2 கோடிப் பேரை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ரேஷன் நடத்துகிறோம்.

அப்புறம் தண்ணீர். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டுப் பிரிவினைப் பேச்சு இங்கேதான் உடைந்து போகிறது. மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது, பாசனம் தஞ்சை டெல்டாவில். இன்றைக்கு ஜூன் 12-ம் தேதி அணை திறப்பார்களா மாட்டார்களா என்பது ஒரே அரசாங்கத்துக்குள் நடக்கிற சண்டை. கொங்கு நாடு தனியாகப் போனால் அதுவே இரண்டு மாநிலத் தகராறாகி, கர்நாடகாவிடம் ஒரு முறையும் ஈரோடு, சேலத்திடம் ஒரு முறையும் டெல்டா விவசாயி கையேந்த வேண்டியிருக்கும். சென்னைக்காரர்கள் நமக்கென்ன என்று இருக்க முடியாது. நம் குழாயில் வருகிற வீராணம் தண்ணீரின் மூலமும் காவிரிதான்.

இது கற்பனை இல்லை. 2014 ஜூன் 2-ல் தெலங்கானா பிரிந்தது, 2023 நவம்பர் 30 அன்று, தெலங்கானாவில் வாக்குப்பதிவு நடக்கிற நாளில், ஆந்திர போலீஸ் நாகார்ஜுனசாகர் அணையில் பாதியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து வலது கரைக் கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டது. கடைசியில் மத்திய ரிசர்வ் போலீஸ் வந்து நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் தெலுங்கு பேசுகிறவர்கள்தான்.

தலைநகரச் செலவு தனிக் கதை. ஹைதராபாத்தைப் பத்து வருடம் பொதுத் தலைநகராக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஆந்திரா அதற்குள் அமராவதி என்று 30,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகளிடம் நிலம் திரட்டியது, அடுத்து வந்த ஆட்சி மூன்று தலைநகரம் என்றது, 2024-ல் ஆட்சி மாறியதும் மறுபடி அமராவதி. உத்தராகண்டில் இன்னமும் டேராடூனா கைர்சைனா என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதற்காகப் பிரிவினையே கூடாது என்று சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தை உடைத்தே ஆக வேண்டும். 1955-லேயே அம்பேத்கர் அதை மூன்றாக்கச் சொன்னார், 2011-ல் மாயாவதி நான்காக்கச் சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. 20 கோடிப் பேர், 80 எம்பி. மீரட்டில் இருப்பவருக்குத் தன் உயர் நீதிமன்றம் இருக்கும் அலகாபாத்தைவிட லாகூர் பக்கம். அரசியல் சாசனத்தின் 3-வது பிரிவுப்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் செய்யலாம், மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம்கூட வேண்டாம். ஆனால் 80 எம்பி கொண்ட மாநிலத்தை உடைக்க எந்தக் கட்சிக்கு மனசு வரும்?

சரி, இரண்டாவது வழி: மாநிலம் அப்படியே இருக்கட்டும், அலுவலகத்தை மக்கள் பக்கம் நகர்த்து. இதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் 2004 ஜூலையில் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அதுவரை நாகர்கோவில்காரருக்கு ரிட் மனு என்றால் ராத்திரி ரயில் பிடித்து, எழும்பூரில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் லாட்ஜில் குளித்துவிட்டு கோர்ட்டுக்கு ஓடி, மத்தியானம் “வாய்தா” என்று கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த 700 கிலோமீட்டரை ஒரு புதிய முதல்வர், ஒரு புதிய ஆளுநர், ஒரு புதிய தலைமைச் செயலகம் எதுவும் இல்லாமல் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். எம்ஜிஆர் 1983-ல் திருச்சியைத் தலைநகராக்க யோசித்தாரே, அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மாவட்டப் பிரிப்பும் இந்த வகைதான். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அடுத்த வருடம் மயிலாடுதுறை, இப்போது 38. திங்கட்கிழமை மனுவோடு தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனவர்கள் இப்போது நேர் ரோட்டில் செங்கல்பட்டுக்குப் போகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் எல்லையை அரைகுறையாக வரைந்தால் என்ன ஆகும் என்று சோழிங்கநல்லூர்காரர்களைக் கேளுங்கள். 2011-ல் மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள், வருவாய் மாவட்டத்தை விரித்தது 2018-ல். நடுவில் ஏழு வருடம் வீட்டு வரி சென்னைக்கு, பட்டா காஞ்சிபுரத்திலிருந்து. எந்த ஆபீசில் நிற்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

மாவட்டம் பிரிப்பதில் இன்னொரு குறை, வந்து உட்காருகிற கலெக்டர் நாம் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. அலைச்சல் குறையும், முடிவு கோட்டையில்தான்.

மூன்றாவது வழி, உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுப்பது. அதற்குத்தான் என் ஓட்டு. கேரளாவில் 1984-க்குப் பிறகு மாவட்ட எண்ணிக்கை 14-ஐத் தாண்டவில்லை. ஆனால் 1996-ல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். நாமோ மாவட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போனோம், சென்னை மாநகராட்சியை 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகளை வைத்து ஓட்டினோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோமே, அப்போது ஒரு வார்டிலும் கவுன்சிலர் கிடையாது. இருந்திருந்தாலும் தண்ணீர் அவர் கையில் இல்லை, அது மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியம்.

இப்போது 200 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். மழை பெய்து தெருவில் கறுப்புத் தண்ணீர் நின்றால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் அடிக்கிறோம். மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி, கழிவுநீர் என்றால் “அது மெட்ரோ வாட்டர் சார்”. தண்ணீர் இரண்டும் கலந்துதான் வருகிறது. கவுன்சிலர் நேரில் வந்து பார்த்துவிட்டு, அவரும் நம்மைப் போலவே வாரியத்துக்குப் போன் போடுகிறார். சென்னையைத் தனி மாநிலமாக்கினாலும் இந்தத் தெருவில் இதே போன்தான்.

ஆக, உத்தரப் பிரதேசத்துக்குத் தனி மாநிலங்கள், நமக்கு அது வேண்டாம். கோயம்புத்தூர்காரர்களுக்கு உண்மையான குறை இருக்கிறது, தொழில் அனுமதிக்கு எல்லாம் சென்னைக்கு ஓடவேண்டியிருக்கிறது என்றால் அந்த அதிகாரத்தைக் கோவைக்கு அனுப்பலாம், மதுரைக் கிளை மாதிரி. மேட்டூரைப் பிரிக்காமலே முடியும். மற்றதெல்லாம் உள்ளாட்சிக்கு. ஆனால் ஊரகப் பகுதியில் பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் அடுத்த தேர்தல் வைக்காமல் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். சென்னை மாமன்றத்துக்கும் ஐந்து வருடம்தான் கணக்கு. கொங்கு நாடு பற்றி டிவியில் கத்துகிறவர்களில் ஒருவராவது அடுத்த மாநகராட்சித் தேர்தல் நேரத்துக்கு நடக்குமா என்று கேட்டால் தேவலை.